என்ன அடிக்கலாம்?

போன சம்பாவில், கார்த்திகை மாதம் ஒரு காலை நேரம். எங்கள் பகுதி இயற்கை விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நெல் இலை ஒன்று நீளவாக்கில் சுருண்டு, பச்சை சுரண்டப்பட்டு, வெள்ளைக் கோடாக இருந்தது. கீழே இரண்டே வார்த்தை: "என்ன அடிக்கலாம்?"

அரை மணி நேரத்தில் பதினோரு பதில். வேப்பெண்ணெய்க் கரைசல் என்றார் ஒருவர். இஞ்சி பூண்டு பச்சைமிளகாய் என்றார் இன்னொருவர். அக்னி அஸ்திரம், ஐந்திலைக் கரைசல், புளித்த மோர் என்று வரிசையாக வந்தது. "மீன் அமிலம் அடிச்சு விடுங்க, பயிர் தூக்கிக்கும்" என்றும் ஒருவர். பதினோரு பேரில் ஒருத்தராவது "பயிருக்கு வயசு என்ன?" என்று கேட்டிருக்கலாம். "எத்தனை குத்துல இப்படி இருக்கு? சுருண்ட இலையைப் பிரிச்சுப் பார்த்தீங்களா, உள்ளே புழு இருக்கா, கூடு காலியா?" என்று கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பதினோராவது பதில் என்னுடையது.

அன்று சாயங்காலம் பம்புசெட்டுக்கு ஒரு வாசர் வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். பக்கத்தில் பூச்சிமருந்துக் கடை. ஒரு விவசாயி கையில் நெல் இலையோடு நிற்கிறார். கடைக்காரர் வேறு யாருக்கோ பில் போட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் இலையைப் பார்த்தார். இரண்டு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுல ஒரு மூடி, அதுல ஒரு மூடி, ஏக்கருக்கு பத்து டேங்க்." அவ்வளவுதான். விவசாயி பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்தக் காட்சியை நம் கூட்டங்களில் எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கிறோம்! "மருந்துக் கடைக்காரன்தான் நம்ம விஞ்ஞானி" என்று நானே மேடையில் சொல்லி கைத்தட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது. காலையில் நாங்கள் பதினோரு பேர் செய்ததும் அதேதானே. கடைக்காரராவது நேரில் இலையைப் பார்த்தார், நாங்கள் போட்டோவைப் பார்த்துச் சொன்னோம். பாட்டில் மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. சுயமாக யோசிக்காமல் சம்பளம் வாங்குவது எப்படி என்று முப்பத்து மூன்று வருஷம் பழகியவன் நான். படித்தது பி.எஸ்ஸி. தாவரவியல். வேலை பார்த்தது வங்கியில். அதில் பாதிக்கு மேல் கிராமக் கிளைகள்.

பயிர்க்கடன் வாங்கிய எல்லோருக்கும் இது தெரியும். எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்பதை மாவட்ட அளவில் ஒரு கமிட்டி உட்கார்ந்து முடிவு செய்யும். விதைக்கு இவ்வளவு, உழவுக்கு இவ்வளவு, உரத்துக்கு இவ்வளவு, பூச்சிமருந்துக்கு இவ்வளவு என்று அதில் கணக்கு இருக்கும். நான் அதிகாரியாக இருந்த காலத்தில் ஒரு பகுதியை ரொக்கமாகவும் உரம், மருந்துக்கான பகுதியைப் பொருளாகவும் கொடுக்கும் வழக்கம் இருந்தது. கடையிலிருந்து பில் கொண்டுவர வேண்டும். பில் ஃபைலுக்குள் போனால்தான் கடன் முழுமை.

தொண்ணூறுகளில் ஒரு பெரியவர் வந்தார். மூன்று ஏக்கர், ஆறேழு மாடு. "சார், எங்கிட்ட எரு இருக்கு. கொளுஞ்சி போட்டு மடக்கி உழுதிருக்கேன். எனக்கு யூரியா வேணாம். அந்தக் காசை ரொக்கமாக் குடுத்தீங்கன்னா நடவுக் கூலிக்கு ஆவும்" என்றார். எனக்கு அவர் சொன்னது புரிந்தது. நியாயம் என்றும் தெரிந்தது. தாவரவியல் படித்தவனுக்கு கொளுஞ்சியின் வேர் முடிச்சைப் பற்றி அவர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் முடியாது என்று சொல்லி அனுப்பினேன். "சர்க்குலர்ல இடமில்லை, பெரியவரே." அடுத்த வாரம் அவர் பில்லோடு வந்தார். மூட்டையைக் கடையிலிருந்து எடுத்து, விலையைக் குறைத்து அடுத்த தெருக்காரருக்கே விற்றுவிட்டார் என்று எங்கள் பியூன் சொன்னார். நான் காதில் வாங்காத மாதிரி கையெழுத்துப் போட்டேன்.

அன்று நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன், ஆனால் யோசித்ததை அங்கேயே நிறுத்திவிட்டேன். காரணம் ரொம்ப எளிது. சர்க்குலர்படி கொடுத்த கடன் மூழ்கினால் யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். சர்க்குலரை மீறிக் கொடுத்த கடன் ஒழுங்காகத் திரும்பி வந்தாலும் ஆடிட்டில் கேள்வி வரும், விளக்கம் எழுத வேண்டும், பதவி உயர்வு நேரத்தில் அது முளைக்கும். சொன்னபடி செய்து தோற்றவனுக்குத் தண்டனை இல்லை, சொந்தமாக யோசித்து ஜெயித்தவனுக்குத் தண்டனை உண்டு என்று ஏற்பாடு இருந்தால் எவன் யோசிப்பான்? முப்பது வருஷத்தில் அது கை வேலை ஆகிவிடும். அப்புறம் நிறுத்துவதற்கே ஒன்றும் இருக்காது.

விவசாயி சிந்திப்பதில்லை, சோம்பேறி, இலவசத்துக்குப் பழகிவிட்டான் என்று நம்மவர்களே பேசுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிராமத்திலும் அதே ஆடிட் இருக்கிறது, ஆடிட்டர்கள்தான் வேறு. ஊரே மருந்தடிக்கும்போது ஒருவன் அடித்து, விளைச்சல் போனால், "எல்லாருக்கும் போச்சு, காலம் சரியில்லை" என்று சொல்லலாம். டீக்கடையில் அவனுக்கும் ஒரு டீ கிடைக்கும். அவன் மட்டும் அடிக்காமல் விட்டு விளைச்சல் போனால்? "அப்பவே சொன்னோம், கேட்டானா?" மாமனார் வீட்டிலிருந்து போன் வரும். பொண்டாட்டி பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாது. அதே பத்து மூட்டை நஷ்டம்தான், ஆனால் ஒன்று விதி, இன்னொன்று கொழுப்பு.

இன்னொன்று கடன். இதை நான் வங்கிக்காரனாகச் சொல்கிறேன். மருந்துக் கடைக்காரர் சரக்கைக் கடனுக்குத் தருகிறார். அறுவடைக்குப் பிறகு கொடுத்தால் போதும். பல ஊர்களில் இந்தச் சமயத்தில் கைகொடுப்பது அவர் ஒருத்தர்தான். எங்கள் வங்கி அடங்கல், சிட்டா, தடையில்லாச் சான்று என்று பத்து நாள் இழுக்கிறபோது அவர் ஒரு நோட்டில் பெயரை எழுதிக்கொண்டு பத்தே நிமிஷத்தில் தருகிறார். அப்படிக் கடன் தருகிறவர் எடுத்து வைக்கிற பாட்டிலைப் பார்த்து "இது எதுக்குங்க?" என்று எப்படிக் கேட்பது? குத்தகைக்காரர் நிலைமை இன்னும் மோசம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகை நெல்லை அளக்க வேண்டும். அவரிடம் போய் "ஒரு வருஷம் அடிக்காம விட்டுத்தான் பாருங்களேன்" என்று சொல்ல, பென்ஷன் வாங்குகிற எனக்கு வாய் வரக்கூடாது. நான் சோதனை செய்வது பென்ஷனை நம்பி. இதை நம் மேடைகளில் நாம் சொல்வதே இல்லை.

ஒரு காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. அதை என் சொந்தக் கதையாகச் சொன்னால்தான் புரியும்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த இரண்டாம் வருஷம். பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய் ஒற்றை நாற்று நடவு கற்றுக்கொண்டு வந்தேன். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி, கோனோவீடர். நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தேன். பாடம் எடுத்தவர் செம்மண் பூமிக்காரர், தண்ணீரைக் கட்டவும் வடிக்கவும் அவர் கையில் வசதி உண்டு. எனக்கு இருப்பது டெல்டாவின் கடைமடையில் களிமண். அதில் ஒன்றரை ஏக்கர் பள்ளக்கால். ஐப்பசி மழையில் வாய்க்காலும் வயலும் ஒரே மட்டமாக நிற்கும் இடம். அங்கேயே மாப்பிள்ளைச் சம்பாவை ஒற்றை நாற்றாக வைக்க ஏற்பாடு செய்தேன்.

நடவுக்கு வந்த பெண்களில் மூத்தவர், எங்கள் அப்பா காலத்திலிருந்து அந்த வயலில் நட்டுவருகிற அம்மா, நாற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏங்கய்யா, இது பள்ளமாச்சே. இந்தப் பிஞ்சு நாத்து மழைக்கு நிக்குமா? கொஞ்சம் முத்துன நாத்தா நாலஞ்சு சேத்துக் குத்துனாத்தான் இங்க தலை தூக்கும்." நான் நோட்டைக் காட்டாத குறை. "அம்மா, அதெல்லாம் பழைய முறை. இது விஞ்ஞானம்" என்றேன். "சரிங்கய்யா" என்று குனிந்துவிட்டார்.

நட்ட ஒன்பதாம் நாள் மழை பிடித்தது. மூன்று நாள் பெய்தது. தண்ணீர் வடிய ஒரு வாரம் ஆனது. வடிந்த பிறகு பார்த்தால் ஒன்றரை ஏக்கரும் வெறும் சேறு. யார் யாரிடமோ மிச்ச நாற்றைக் கேட்டு வாங்கி, அதே பெண்களைக் கூப்பிட்டு, இரட்டைக் கூலி கொடுத்து நட்டேன். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குத் தேவலை.

ஒற்றை நாற்று நடவு தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வருஷம் மேட்டு வயலில் அதே முறையில் வைத்தேன், குத்துக்கு முப்பது தூருக்கு மேல் வெடித்தது. இன்றைக்கும் அங்கே அப்படித்தான் நடுகிறேன். முறையில் கோளாறு இல்லை. நான் வயலைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்தேன், கோளாறு அதில். வங்கியை விட்டு வந்தவன் சர்க்குலரை விட்டு வரவில்லை. கையெழுத்துப் போட்ட அதிகாரி மட்டும் மாறியிருந்தார்.

அடுத்த நடவுக்கு அந்த அம்மாவிடம் நானாகப் போய்க் கேட்டேன், "இந்த வருஷம் பள்ளத்துல எப்படி வைக்கலாம்?" என்று. அவர் சொன்னது: "நீங்க சொல்றபடி செய்யிறோம்யா."

நான் ஆழத்தில் இருக்கிறது என்று சொன்ன காரணம் இதுதான். யோசனை இல்லாததால் அவர் அப்படிச் சொல்லவில்லை. அந்த வயலைப் பற்றி ஊரில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. சொல்லிச் சொல்லிப் பார்த்து, யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டவர். நிலம் யாருடையது, கூலி யாருடையது, சாதி என்ன, ஆணா பெண்ணா, எல்லாம் சேர்ந்துதான் யார் யோசிக்கலாம் யார் குனியலாம் என்று நம் ஊரில் முடிவு செய்கிறது. விவசாயியை விரிவாக்க அதிகாரி எப்படி நடத்தினார் என்று நாம் வருத்தப்படுகிறோம். நாம் நடவாளை அதே மாதிரிதான் நடத்துகிறோம். யோசிக்காதே என்று பரம்பரையாகச் சொல்லிவிட்டு, ஏன் யோசிக்கவில்லை என்று கட்டுரை எழுதுகிறோம்.

இதற்கு மாற்று உண்டா? ஒரு தேசமே முயன்று பார்த்த கதை ஒன்று உண்டு. நம் இதழ் வாசகர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

இந்தோனேசியாவில் 1970-களில் குட்டை நெல் ரகங்கள் வந்தன, கூடவே யூரியாவும் பூச்சிமருந்தும் வந்தன. மருந்து விலையில் பெரும்பகுதியை அரசே மானியமாகக் கொடுத்தது. சில காலம் 80 சதவீதம் வரை. மருந்து ஏறஏறப் புகையானும் ஏறியது. காரணம் நமக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். புகையான் முட்டையை வெளியில் இடுவதில்லை. நெல்லின் இலை உறையைக் கீறி உள்ளே வைக்கும். மேலே அடிக்கிற மருந்து முட்டைக்குப் போய்ச் சேராது. வெளியில் தூரடியில் சுற்றுகிற ஓநாய்ச் சிலந்தி, புகையான் முட்டையை உறிஞ்சுகிற சின்னப் பச்சை நாவாய்ப்பூச்சி, தண்ணீர்மேல் ஓடுகிற பூச்சிகள், இவைதான் முதலில் சாகும். ஏழெட்டு நாளில் முட்டை பொரித்துக் குஞ்சு வெளியே வரும்போது வயலில் அதற்கு எதிரியே இல்லை. பயிர் வட்டவட்டமாகக் கருகும். பார்த்தவர் பயந்து மறுபடி அடிப்பார், அது இன்னும் பெருகும்.

1984-ல் அரிசியில் தன்னிறைவு என்று அறிவித்த நாடு இரண்டே வருஷத்தில் புகையானால் ஆடிப்போனது. 1986-ல் அந்நாட்டு அதிபர் சுகார்த்தோ ஓர் உத்தரவு போட்டு 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லில் அடிக்கத் தடை விதித்தார். மானியமும் படிப்படியாகக் குறைந்து 1989-ல் நின்றது. அவர் ஒன்றும் ஜனநாயகவாதி இல்லை, மேலேயிருந்து போட்ட உத்தரவுதான். உத்தரவோடு நின்றிருந்தால் கதையும் அங்கேயே முடிந்திருக்கும். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்போடு சேர்ந்து 1989-லிருந்து 'விவசாயிகள் வயல்வெளிப் பள்ளி' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள்.

அந்தப் பள்ளியில் வகுப்பறை கிடையாது. ஏறத்தாழ 25 விவசாயிகள், வாரம் ஒரு காலை, நடவிலிருந்து அறுவடை வரை. ஐந்தைந்து பேராக வயலில் இறங்க வேண்டும். குத்துகளைப் பிரித்து, தூரை எண்ணி, பூச்சியை எண்ணி, எது தின்பது எது தின்னப்படுவது என்று பார்த்து வர வேண்டும். பிறகு நிழலில் உட்கார்ந்து பெரிய தாளில் படம் வரைய வேண்டும். நடுவில் நெல்லுக் குத்து, ஒரு பக்கம் பயிரைத் தின்னும் பூச்சி, மறுபக்கம் பூச்சியைத் தின்னும் பூச்சி, மேலே வெயிலா மேகமா, கீழே தண்ணீர் எவ்வளவு. பார்த்தபின் இந்த வாரம் என்ன செய்யலாம் என்று அவர்களே பேசி முடிவு செய்ய வேண்டும்.

பயிற்சியாளருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. "இது என்ன பூச்சி?" என்று யாராவது கேட்டால் பெயரைச் சொல்லக்கூடாது. "எங்கே இருந்தது? என்ன செஞ்சுக்கிட்டு இருந்தது? கூட வேறென்ன இருந்தது?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். சந்தேகம் என்றால் ஒரு நெல்லுக் குத்தைக் கண்ணாடிக் குவளையில் வைத்து, அந்தப் பூச்சியையும் ஒரு சிலந்தியையும் உள்ளே விட்டு, வலையால் மூடி, நாலு நாள் பார்க்கச் சொன்னார்கள். இலைச்சுருட்டுப் புழுவைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு இன்னொரு சோதனை. கொஞ்சம் வயலில் இளம்பயிரின் இலையைக் கத்தரியால் அவர்களே வெட்ட வேண்டும். வெட்டியதில் விளைச்சல் எவ்வளவு, வெட்டாததில் எவ்வளவு என்று அறுத்து எடை போட வேண்டும். இளம்பயிர் இழந்த இலையைத் திரும்பப் போட்டுக்கொள்கிறது என்பதைத் தங்கள் கைக் கத்தரியில் பார்த்தவனை எந்தப் பாட்டிலும் எளிதில் பயமுறுத்த முடியாது.

சுமார் பத்து லட்சம் விவசாயிகள் பத்து வருஷத்தில் அந்தப் பள்ளிக்குப் போய் வந்தார்கள். எல்லாம் பொன்னாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்குப் போனவரிடமிருந்து பக்கத்து வயல்காரருக்கு அது அதிகம் பரவவில்லை என்று பின்னால் வந்த சில ஆய்வுகள் சொல்லின. மருந்து வியாபாரம் மீண்டும் தலையெடுத்தபின் 2010-ஐ ஒட்டி ஜாவாவில் புகையானும் திரும்பி வந்தது. பரவவில்லை என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. "அடிக்காதே" என்ற முடிவைப் பக்கத்து வயல்காரரிடம் சொல்லலாம். குவளைக்குள் நாலு நாள் பார்த்ததை எப்படிச் சொல்வது? அவருக்கு அது மறுபடியும் ஒரு சர்க்குலர்தான். கடைக்காரர் சொல்வதும் சர்க்குலர், நாம் சொல்வதும் சர்க்குலர். எது சத்தமாக இருக்கிறதோ, எது கடனுக்குக் கிடைக்கிறதோ அது ஜெயிக்கும்.

வயல்வெளிப் பள்ளி என்ற பெயர் நம் ஊருக்கும் வந்தது. நான் போன ஒன்றில் சாமியானா பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஒருவர் மைக்கில் பேசினார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, வடை, டீ. வயல் இருபது அடி தள்ளி இருந்தது. யாரும் இறங்கவில்லை.

நம் இயக்கக் கூட்டங்களும் இப்போது ஏறத்தாழ அப்படித்தான் நடக்கின்றன. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை. ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர், பஞ்சகவ்யம் பத்து லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி. இந்த அளவுகள் எல்லோருக்கும் மனப்பாடம். நல்ல விஷயம்தான், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் ஊற்றிய பாத்தி, ஊற்றாத பாத்தி என்று பிரித்து வைத்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? போன கூட்டத்தில் கேட்டேன், கை தூக்கியவர் இரண்டு பேர். நம் மண்ணில் ஏற்கனவே மட்கு நிறைய இருந்தால் அது வேண்டியதே இல்லாமல் இருக்கலாம். மாடு இல்லாதவர் சாணிக்கும் கோமியத்துக்கும் காசு கொடுத்து அலைகிறார். அவருக்காகவாவது யாராவது பார்த்திருக்க வேண்டாமா?

நம்மாழ்வார் அய்யா படம் இல்லாத மேடை நமக்கு இல்லை. அவர் யார்? கோவில்பட்டியில் அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தவர். பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் இடைவெளி எவ்வளவு, உரம் எவ்வளவு என்று நடந்த சோதனைகளைப் பார்த்து, இது மானாவாரி விவசாயிக்கு உதவாது என்று சொன்னவர். கேட்க ஆளில்லை என்றதும் 1969-ல் வேலையை விட்டு வெளியே வந்தவர். மேலிடம் கொடுத்த அட்டவணையைக் கேள்வி கேட்டதால்தான் அவர் நமக்குக் கிடைத்தார். அவர் சொன்னதை அட்டவணையாக்கி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம் நாம்.

நெல் ஜெயராமன் ஒரு நல்ல காரியம் செய்தார். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவில் பாரம்பரிய விதை 2 கிலோ கொடுப்பார்கள், அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதை பெருகுவதற்கான ஏற்பாடு என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. 2 கிலோவை வைத்துக்கொண்டு ஐந்து ஏக்கர் நட முடியாது. ஒரு மூலையில் சின்னப் பாத்தியில்தான் வைக்க முடியும். போனால் ஒரு மூட்டை போகும், குடும்பம் மூழ்காது, ஊரும் சிரிக்காது. ஆனால் திருப்பித் தர வேண்டுமே, தினமும் போய்ப் பார்த்தாக வேண்டும். பயம் இல்லாமல் பார்க்கிற அளவுக்கு ஒரு மூலை. குத்தகைக்காரருக்குக்கூட அந்த மூலையை ஒதுக்க முடியும்.

"எல்லாத்தையும் நானே யோசிக்கணுமா சார்? ஆயுசு போதாதே" என்று ஒரு இளைஞர் என்னிடம் கேட்டார். ஐ.டி. வேலையை விட்டு வந்தவர். நல்ல கேள்வி. எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. மாத்திரையை டாக்டர் சொன்னபடிதான் போடுகிறேன், அதில் என் ஆராய்ச்சி கிடையாது. ஆனால் டாக்டர் என் கையில் பட்டையைக் கட்டி அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார். என்னைப் பார்க்காமல் போட்டோவைப் பார்த்து மாத்திரை சொன்னால் போட்டுக்கொள்வேனா? பூச்சியின் பெயர், வாழ்க்கைச் சுழற்சி, எந்த ரகம் எத்தனை நாள், இதெல்லாம் படித்தவர்களிடம் கடன் வாங்கலாம். வேளாண் பல்கலைக்கழகமே புகையானுக்குத் தூருக்கு ஒன்று என்ற கணக்கும், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்ற கணக்கும் வைத்திருக்கிறது. இலைச்சுருட்டுப் புழுவுக்கு, தூர் கட்டும் பருவத்தில் பத்து சதவீத இலை சேதம் வரை பொறுக்கலாம் என்கிறது. நல்ல கணக்கு, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் என் வயலில் குத்துக்கு எத்தனை சிலந்தி என்று எந்தப் பல்கலைக்கழகமும் வந்து எண்ணாது. அந்த வேலை என்னுடையது.

சுயமாக யோசித்தால் ஜெயிப்போம் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஜப்பானில் ஃபுகோகா தன் சித்தாந்தத்தை முதலில் சோதித்தது அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தில். கவாத்து செய்யாமல் அப்படியே விட்டார், கிளைகள் பின்னிக்கொண்டு பூச்சி விழுந்து தோட்டம் வாடி அழிந்தது. கைவிடுவது வேறு, இயற்கை விவசாயம் வேறு என்று அவரே பிறகு எழுதினார். அப்பா என்ன சொன்னாரோ, பாவம்.

2021-ல் இலங்கையில் ஒரே உத்தரவில் நாடு முழுக்க ரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், சில மாதங்களில் வாபஸ் வாங்கினார்கள். அப்போது நம் குழுவில் கொண்டாடியவர்கள் உண்டு, நானும் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினேன். எந்த விவசாயியையும் கேட்காமல் உரம் போடு என்று சொன்னதும் உத்தரவு, போடாதே என்று சொன்னதும் உத்தரவு. அந்தப் பூங்கொத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கார்த்திகையிலிருந்து நான் ஒரு விரதம் எடுத்திருக்கிறேன். குழுவில் யாராவது "என்ன அடிக்கலாம்" என்று கேட்டால் கரைசல் பெயர் சொல்வதில்லை. எத்தனை நாள் பயிர், நூறு குத்தில் எத்தனை, அடியில் சிலந்தி தெரிகிறதா என்று மட்டும் கேட்கிறேன். பலன்? ஒருத்தர் போன் போட்டே திட்டினார். "தெரிஞ்சா சொல்லுங்க சார், தெரியலைன்னா சும்மா இருங்க. நானே பயந்துபோய்க் கெடக்கேன்." அவர் பயம் நியாயம்தான். மறுநாள் அவர் வயலுக்கு பஸ் பிடித்துப் போனேன். இரண்டு பேரும் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கி மூலைக்கு மூலை இருபது குத்து பிரித்துப் பார்த்தோம். அவர் அதற்குள் முந்தின நாள் சாயங்காலமே வேப்பெண்ணெய் அடித்திருந்தார். அதனால் எங்களுக்கு ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் மூன்று மணி நேரம் வயலில் இருந்தோம். சிலந்தியின் முட்டைப் பையை அவர் முதல் தடவையாகப் பார்த்ததாகச் சொன்னார். எனக்கும் அது இரண்டாம் தடவைதான்.

எங்கள் வட்டக் கூட்டத்தில் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். மாசத்தில் ஒரு கூட்டம் யாராவது ஒருவர் வயலில் நடக்கட்டும். மைக் வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம். அந்த வயலில் வேலை செய்கிற பெண்கள் அன்றைக்குக் கூலியோடு நம்மோடு உட்காரட்டும், ஒரு மூலையில் அந்த மாசம் என்ன சோதிப்பது என்று சேர்ந்து முடிவு செய்வோம். கூட்டம் குறையும் என்று செயலாளர் கவலைப்படுகிறார். குறையும்தான். கூலி எந்தக் கணக்கில் எழுதுவது என்ற கேள்வியும் வந்தது. வங்கிக்காரன் நான், அதற்கு ஒரு தலைப்பு கண்டுபிடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த நடவு அம்மா விஷயம். மூன்று வருஷம் நான் கேட்டும் "நீங்க சொல்றபடி" என்றுதான் பதில் வந்தது. இந்த ஆவணியில் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர், நான் கேட்காமலேயே, "பள்ளக்கால்ல காட்டுயானம் போட்டா என்னங்கய்யா? ஒங்க தாத்தா அதான் போடுவாரு" என்றார். பாதியில் காட்டுயானம், பாதியில் மாப்பிள்ளைச் சம்பா வைத்திருக்கிறோம். காட்டுயானத்துக்கு ஆறு மாசம் வயசு, அறுப்பு மாசியில்.

இந்த மழைக்கு ஐந்து நாள் தண்ணீர் நின்றது. இரண்டுமே இன்னும் நிற்கின்றன.